குஷன் கடைக்காரரின் பிழைகள்

துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் தரைதட்டினாலும் அவர் ஓடிப்போய் "பிழை என்ர பக்கம்" என்று சொல்லிவிட்டு வருவார் என்று எங்கள் பகுதியில் ஒரு பகிடி உண்டு. நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அவரைப் பற்றி வேறொரு கதைதான் ஊரில் அதிகம். எங்கள் அப்பா செத்ததற்கு அவர்தான் காரணம் என்பது அந்தக் கதை. அது பொய். பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், அவருடைய மனைவி, நான். அவர் வாய் திறக்கமாட்டார், மனைவி சொன்னால் ஊர் நம்பாது. திறக்க வேண்டியவன் நான்தான்.

உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் அவருடைய குஷன் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு முற்றத்தில் இறக்கிய தகரக் கொட்டில், இரண்டு தையல் மெசின், சுருட்டி நிறுத்திய றெக்சின் உருளைகள், மூலையில் ஸ்பொஞ் அடுக்கு. கார், வான், முச்சக்கரவண்டி என்று எதன் இருக்கை கிழிந்தாலும் அவரிடம்தான் வரும். ஆனால் அவருக்குப் பேர் எடுத்துக் கொடுத்தது இருக்கை இல்லை, டாஷ்போட். எங்கள் ஊர் வெயிலில் பழைய கார்களின் டாஷ்போட் மெத்தை கருவாடாகக் காய்ந்து வெடித்துப்போகும். வெடித்ததை மற்றக் கடைக்காரர்கள் மேலால் ஒரு உறை போட்டு மூடிக் கொடுப்பார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். மெத்தையை முழுசாகக் கழற்றி எடுத்து, வெடிப்பின் ஓரங்களைக் கத்தியால் இன்னும் அகலமாக வெட்டிவிடுவார். கார்க்காரருக்கு வயிறு பற்றி எரியும்.

"என்ன அண்ணை, இருந்ததை விடப் பெரிசாக்கிப்போட்டியள்?" என்று கேட்பார்கள்.

"ஓரம் எல்லாம் வளைஞ்சு நிக்குது. அதை வெட்டி எடுக்காமல் மூடினால் ஆறு மாசத்தில திரும்ப எழும்பும்" என்பார்.

பிறகு உள்ளே பொடியாகிப்போன பழைய ஸ்பொஞ்சைச் சுரண்டி எடுத்து, புது ஸ்பொஞ் ஒட்டி, அரத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் றெக்சினைச் சூடுகாட்டி இழுத்து ஒட்டுவார். அப்படி ஒட்டிய பிறகுதான் அவருடைய உண்மையான பிடிவாதம் தொடங்கும். ஒரு கிழமை காயவேண்டும். காரில் பூட்டிய பிறகு கண்ணாடியெல்லாம் திறந்து இன்னும் மூன்று நாள் நிற்கவேண்டும். "தொட்டுப் பார்த்தால் காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும். கையை நம்பாதேங்கோ, மூக்கை நம்புங்கோ" என்பார். அந்த மஞ்சள் குளூப் பசையின் மணம் முழுதாகப் போகும்வரை அவர் சாவியைக் கொடுக்கமாட்டார். வேலையில் அவ்வளவு கண்டிப்பு.

மனிதர்களிடம் அந்தக் கண்டிப்பு ஒரு துளியும் இல்லை. யாராவது குரலை உயர்த்தினால் போதும், அவர்கள் வசனத்தை முடிக்க முன்னரே பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்வார்.

ஒருமுறை வான்காரன் ஒருவன் வந்து, தைத்துக் கொடுத்த இருக்கை பிரிந்துவிட்டதென்று கத்தினான். அன்று நானும் அங்கே நின்றேன். தையல் பிரியவில்லை. ஏதோ கூரான இரும்பு கிழித்திருந்தது. கண் தெரியாதவனுக்கும் தெரியும். வானுக்குள் கூரைத்தகடு ஏற்றி இறக்கிய கீறல்கள்கூட அப்படியே இருந்தன. இவர் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓம், பிழை என்ர பக்கம். தடிச்ச றெக்சின் போட்டிருக்கவேணும். விட்டிட்டுப் போங்கோ" என்றார். வான்காரனே ஒரு கணம் திகைத்துப்போனான். அவன் சண்டை பிடிக்கத் தயாராக வந்தவன். சண்டை கிடைக்காமல் போன கோபத்தில் இரண்டு வார்த்தை கூடத் திட்டிவிட்டுப் போனான்.

இன்னொருமுறை மான். எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போல வீதியில் திரியும், கிடைத்ததைத் தின்னும். ஒரு முச்சக்கரவண்டியின் கூரை உறையைத் தைத்து இவர் வேலியில் காயப்போட்டிருக்கிறார். மான் ஒன்று வந்து அதன் ஓரப்பட்டியை ஒரு முழம் அளவுக்கு மென்று விழுங்கிவிட்டது. வண்டிக்காரர் நல்ல மனிதர், விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "நான்தான் தாழ்வாத் தொங்கவிட்டனான். அது வாயில்லாச் சீவன், அதுக்கு வயித்தில என்ன செய்யுதோ" என்று அன்று முழுவதும் அந்த மானைத் தேடிக்கொண்டு மைதானப் பக்கம் நடந்தாராம். இதைச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடையாதபோது, "நான் மெசின் சத்தம் போட்டுப் பிள்ளையைப் படிக்க விடேல்லை" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். மகளே வெளியே வந்து, "அப்பா, நான் படிக்கேல்லை. அதுதான் விசயம். சும்மா இருங்கோ" என்று சத்தம் போட்டாள். அவர் மகளைப் பார்த்து, "ஓம் பிள்ளை, நான் இதைக் கதைச்சிருக்கக் கூடாது, அதுவும் என்ர பிழைதான்" என்றார். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. இப்போது வவுனியாவில் கலியாணம் செய்து நன்றாக இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டால் அவரை ஒரு அப்பாவி என்றோ அரைப் பைத்தியம் என்றோ நினைக்கத் தோன்றும். நானும் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் சில நேரம் ஒரு மாதிரி இருக்கும். பிழையை ஒப்புக்கொள்கிறபோது அவர் முகத்தில் வெட்கமோ கவலையோ இருக்காது. ஒரு அவசரம்தான் இருக்கும். சொல்லி முடித்தவுடன் தோள் இரண்டும் இறங்கும். ஏதோ பெரிய சுமையை இறக்கிவைத்த ஆள் மாதிரி மூச்சு விடுவார். பிழையைத் தூக்கிச் சுமக்கிறவருக்கு ஏன் சுமை இறங்க வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நல்லது.

அப்பாவின் காருக்கு வருகிறேன். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய பிரெஞ்சுக் கார் இருந்தது. என்னை விட வயது மூத்தது. அந்தக் காரை அவர் கவனித்த அளவுக்கு எங்கள் ஒருவரையும் கவனிக்கவில்லை என்று அம்மா உயிரோடு இருந்த காலத்தில் சொல்வார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குத் தண்ணீர் தெளித்து, சந்தனம் வைத்து, டாஷ்போட்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார். அதில் வைத்த சாமிப்படத்துக்கு முன்னால் மினுமினுவென்று இருக்கவேண்டுமாம். மினுங்கத்தான் செய்தது. ஆனால் எண்ணெய் ஊறி ஊறி, வெயிலில் காய்ந்து காய்ந்து மெத்தை இறுகிப்போனது. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கார் முற்றத்திலேயே நின்றது. அதற்குள் அப்பாவுக்கும் நெஞ்சு வருத்தம் முற்றிவிட்டது. பிறகு ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தால், முன்கண்ணாடி ஓரத்தில் தொடங்கி ரேடியோ வரைக்கும் ஒரு வெடிப்பு. விரலை வைத்தால் உள்ளேயிருந்து மஞ்சள் பொடி கொட்டியது.

போன வருடத்துக்கு முந்தின மாரியில் அப்பாவை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒட்சிசன் உருளையோடுதான் அனுப்பினார்கள். இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் கிழமை ரொறன்ரோவிலிருந்து அக்கா வந்தாள். இரண்டு கிழமை லீவு. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அக்காவை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை உட்துறைமுகம் வரைக்கும் போகவேண்டும். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில் அப்படித்தான் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

"இப்பவே ஏறுங்கோ அப்பா, நான் ஓடுறன்" என்றேன்.

"அந்த வெடிப்புக்கு முன்னால என்னை இருத்தாதை. முதல் அதைச் செய்வி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாலும் கட்டளை கட்டளைதான்.

வேறு மெத்தை கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தை முழுக்கத் தெரிந்த ஒருவரைத் தேடச் சொன்னேன். கிடைத்த ஒன்று எங்களுடையதை விட மோசம், படத்தில் பார்க்கும்போதே நொறுங்கிக்கொண்டிருந்தது. காரைக் கொண்டுபோய்க் குஷன் கடையில் விட்டேன்.

அவர் கதவைத் திறந்து, வெடிப்பை விரலால் தடவி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "தேங்காயெண்ணெய்" என்றார். "ஐயா பூசுறதை நான் கோயிலடியில கண்டனான். அண்டைக்கே சொல்லியிருக்கவேணும் தம்பி. என்ர பிழை."

அப்பா எண்ணெய் பூசியதற்கும் அவர்தான் பொறுப்பு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த ஞாயிறு வேணும் அண்ணை. அக்கா திங்கள் போறா" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். மாரி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. "பார்ப்பம்" என்றார். ஓம் என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை போனேன். மெத்தையைப் பூட்டி முடித்திருந்தார். முன்கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. கறுப்பு, மெல்லிய நெல்மணிப் புள்ளி, ஓரத்தில் ஒரே சீரான வளைவு, வெடிப்பு எங்கே இருந்ததென்று தேடினாலும் தெரியாது. ஆனால் கதவைத் திறந்ததும் குளூ மணம் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது.

"புதன்கிழமை வாங்கோ தம்பி" என்றார். "இந்த ஈரத்தில காயுதில்லை. ஃபான் போட்டும் மணம் போகேல்லை."

"திங்கள் அக்கா போறா எண்டு சொன்னனான்தானே."

"ஓம். ஆனா ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம். இந்த மணம் அவருக்குக் கூடாது. கண்ணாடியைத் திறந்து மூண்டு நாளாவது நிக்கவேணும். ஐயாவை இப்ப இதுக்குள்ள ஏத்தாதேங்கோ."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரம் வந்தது. சாகக் கிடக்கிற மனிதனின் ஒரே ஆசை, அதற்கு ஒரு பசை மணம் தடையா என்று பட்டது. ஒழுங்கையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "ஆள் செத்தாப்பிறகோ அண்ணை காரைத் தரப்போறியள்? உங்களுக்கு மனிசத்தன்மை இல்லையோ? சாவியைத் தாங்கோ!"

அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "கோவிக்காதேங்கோ தம்பி. சுணங்கினது என்ர பிழை" என்றார். அத்தனை வருடப் பிடிவாதம் அரை நிமிடத்தில் போய்விட்டது. நான் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். படலை வாசலைத் தாண்டும்போது பின்னால் வந்து, "கண்ணாடியாவது திறந்து வையுங்கோ" என்றார். "சரி சரி" என்றேன்.

வீட்டில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா பயணத்தை வேண்டாம் என்றுவிடுவாள் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பாவை வேட்டி மாற்றி, தூக்கி முன் இருக்கையில் இருத்தினோம். அக்கா பின்னால் ஒட்சிசனோடு இருந்தாள். அப்பா கையை நீட்டிப் புது மெத்தையைத் தடவினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் மெதுவாகத் தடவினார். "ஆள் வேலைகாரன்தான்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சில நேரம் மனதுக்குள் வாதாடிப் பார்ப்பேன்.

டொக்யாட் வீதியில் திரும்பும்போது மழை பிடித்தது. நான் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். அப்பா, "ஏத்து, ஏத்து, தண்ணி அதில விழும்" என்றார். புது மெத்தை நனைந்துவிடுமாம். நான் ஏற்றினேன். அவர் பக்கத்துக் கண்ணாடியையும் அக்கா எட்டி ஏற்றிவிட்டாள். உட்துறைமுகத்தில் இழுவைப் படகுகள் கட்டியிருக்கிற இடத்தைப் பார்க்க நிறுத்தினோம். அப்பா படகுகளைக் காட்டி அக்காவுக்கு ஏதோ சொல்லத் தொடங்கினார், இருமல் வந்தது. சாதாரண இருமல் என்றுதான் நினைத்தோம். அது நிற்கவில்லை. உதடு நீலமாகியது. அக்கா, "என்ன மணம் இது, எனக்கே தலை சுத்துது, கண்ணாடியைத் திற" என்று கத்தினாள். நான் திறந்தேன். மழை உள்ளே அடித்தது. அப்பா அந்த நிலையிலும் மெத்தை நனையாமல் உள்ளங்கையால் மூடப் பார்த்தார்.

வியாழக்கிழமை விடியற்காலை வைத்தியசாலையில் முடிந்தது. "இந்த நெஞ்சுக்கு ஒரு சளி, தடிமன் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்று டொக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

செத்தவீட்டுக்குக் குஷன் கடைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா பிரயாணத்தைப் பிற்போட்டிருந்தாள். நாலு நாள் நித்திரை இல்லாமல் கண் வீங்கியிருந்தாள். அவரைக் கண்டதும் பந்தலுக்குள் எழுந்து நின்றாள்.

"அந்தக் காரைச் செய்தது நீங்கள்தானே? காயாத பசையோட ஒரு நெஞ்சு வருத்தக்காரன்ர வாகனத்தைத் தருவியளோ? உங்கட பசை மணம்தான் எங்கட அப்பாவைச் சாகடிச்சது!"

பந்தலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்பாவின் காலடியில் நின்றேன். என் தொண்டையில் வசனம் தயாராக இருந்தது. அவர் சொன்னவர் அக்கா, நான்தான் கேட்கேல்லை. ஐந்து சொல்தான். அவர் என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பார்க்கவே இல்லை. அக்காவின் குரல் உயர்ந்ததுமே அவர் தலை குனிந்துவிட்டது.

"ஓம் பிள்ளை" என்றார். "பிழை என்ர பக்கம். நான் தந்திருக்கக் கூடாது."

அக்கா உட்கார்ந்து அழுதாள். யாரோ அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாலைகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினேன்.

ஒரு மாதத்துக்குள் கதை பாலையூற்று, உவர்மலை எல்லாம் சுற்றிவந்துவிட்டது. குஷன் கடைக்காரரே செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டார், பிறகு என்ன சாட்சி வேண்டும்? சிலர் ஏதோ நச்சுப் பசை என்றார்கள், சிலர் அவருடைய கொட்டிலை மூடவேண்டும் என்று நகரசபைக்கு எழுதவேண்டும் என்றார்கள். யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, வாகனங்கள் தாமாகவே நின்றுவிட்டன. பிள்ளைகளை ஏற்றுகிற வான்காரர்கள்தான் முதலில் நின்றார்கள். அவர் பள்ளிக்கூடப் பை தைக்கிறார், சைக்கிள் இருக்கை தைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஒழுங்கை வாசலால் போகாமல், நான் வேலை செய்கிற கச்சேரிக்குப் போக எனக்கு இன்னொரு வழி இருந்தது. கொஞ்சம் சுற்று. ஒரு வருடம் அப்படிச் சுற்றிப் போனேன்.

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள், படைத்த பலகாரத்தில் கொஞ்சத்தைச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இந்தமுறை சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கொட்டிலில் ஒரு மெசின்தான் இருந்தது. றெக்சின் உருளைகள் நின்ற இடத்தில் வாழைக்குலை தொங்கியது. அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னனீங்கள். ஐயாவை ஏத்தாதேங்கோ எண்டு வடிவாச் சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை. வீட்டிலயும் மறைச்சுப்போட்டன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் முடிஞ்ச கதை தம்பி. தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது.

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்து என் முன்னால் நின்றார்.

"உவரை ஊரில எல்லாரும் பகிடி பண்ணுறது எனக்குத் தெரியும்" என்றார். "சண்டை நடந்த காலம், கலியாணம் கட்டின புதுசில உவரை விசாரணைக்கெண்டு பிடிச்சுக்கொண்டு போனவங்கள். ஆரோ ஒரு இயக்கப் பொடியன்ர பேரைச் சொல்லி, அவனுக்கு வாகனம் குடுத்தது நீதானே எண்டு கேட்டவங்கள். உவரிட்ட எங்க வாகனம்? வந்த வானுக்கு சீற் தைச்சுக் குடுத்த மனிசன். இல்லை எண்டு சொன்னவர். சொல்லச் சொல்ல அடி. எத்தினை நாளெண்டு உவருக்கே தெரியாது. கடைசியில ஒருநாள், ஓம், பிழை என்ர பக்கம் எண்டு சொன்னவராம். அண்டைக்கு அடிக்கேல்லை. தண்ணி குடுத்துப் படுக்க விட்டவங்கள்."

கிணற்றடியில் வாளி மேலே வந்தது. மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குப் பிறகு உவருக்கு இல்லை எண்டு சொல்ல வராது. ஆரும் சத்தம் போட்டால் வாய் தானா ஓம் எண்டு சொல்லும். நீங்கள் அண்டைக்கு இதில நிண்டு கத்தினது எனக்கு உள்ளுக்குக் கேட்டது. அப்பவே எனக்குத் தெரியும், சாவி போயிட்டுது எண்டு."

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நாங்கள் வருடக்கணக்காகச் சிரித்த சிரிப்பு எல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றது. அந்த அவசரம், அந்தத் தோள் இறங்குகிற மூச்சு, இரண்டு கையாலும் நீட்டிய சாவி. எவனோ அடித்துப் பழக்கியதை நான் ஒரு கத்தலில் எடுத்துப் பாவித்திருக்கிறேன். எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "எங்கள் ரெண்டு பேருக்கும் இது தெரிஞ்ச விசயம்தானே. ஒழுங்கை வாசலில தேத்தண்ணிக் கடை இருக்கு. பின்னேரத்தில எல்லாரும் அதிலதான் நிப்பினம். அங்க போய்ச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தக் கடைக்கு நூறு அடிகூட இல்லை. போகிற வழியெல்லாம் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். இரண்டு பேர் முச்சக்கரவண்டிக்காரர், ஒருவர் எங்கள் கச்சேரிக் கந்தோரில் வேலை செய்கிறவர், மற்றவர்கள் முகம் தெரிந்தவர்கள். அத்தனை பேரும் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள். நான் ஒழுங்கையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சேர்?" என்றார் கடைக்காரர். "அந்த மனிசன்ர வீட்டுக்கோ போட்டு வாறியள்? நீங்களோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கந்தோர்க்காரர் தேநீர்க் கிளாசை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தார். அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. இது ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. நான் வாயைத் திறந்தேன்.

"வீட்டில ரெண்டு கதிரைக்கு உறை தைக்கவேணும்" என்றேன். "அதுதான் கேக்கப் போனனான்."

சொல்லி முடிக்கும்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நின்றார். நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறார். நான் சொன்னது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

கடைக்காரர் அவரைப் பார்த்து, "கதிரை உறையோ? நீ தைக்கப் போறியோ?" என்று அதட்டலாகக் கேட்டார்.

"ஓம், அதுக்குத்தான் தம்பி வந்தவர்" என்றார் அவர். "எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு. ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். என்ர பிழை."

பெட்டியை என் கையில் தந்துவிட்டு, திரும்பி ஒழுங்கைக்குள் போனார்.

"நல்ல காலம் சேர்" என்றார் கடைக்காரர். "அந்தக் கைக்கு இனி ஒண்டையும் குடுக்காதேங்கோ." கிளாஸ் ஒன்றைக் கழுவி, எனக்குத் தேநீர் ஊற்றி வைத்தார். கந்தோர்க்காரர் தள்ளி இருந்து வாங்குப் பலகையில் இடம் விட்டார். நான் உட்கார்ந்து அந்தத் தேநீரை முழுவதும் குடித்தேன்.